பார்பெல் பிடிக்க எந்த இரை, எந்த முறை, எந்தக் கோல்? இங்கிலாந்து ஆறுகளுக்கான ஓர் ஒப்பீடு

ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் ஆறுகளில் தூண்டில் பருவம் தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பார்பெல் என்ற ஆற்று மீனைப் பற்றி ஒரே வகைக் கேள்விகள் வந்துகொண்டிருக்கும். ஏரிகளில் கெண்டை பிடித்துப் பழகிவிட்டு முதல் முறையாக ஆற்றுக்குப் போகிறவர்களே பெரும்பாலும் கேட்கிறார்கள். பெல்லட் (தீவனக் குச்சி) போடுவதா, டின் இறைச்சியா? ஃபீடரை (இரை அடைத்த எடைக்கூண்டை) எறிந்துவிட்டு ஓரிடத்தில் காத்திருப்பதா, இரையை உருட்டிக்கொண்டே கரையோரம் நடப்பதா? டிரென்ட் ஆற்றுக்கும் கெனெட் ஆற்றுக்கும் ஒரே கோல் போதுமா?

கடைக்குப் போனால் முதலில் கோலைக் காட்டுவார்கள், பிறகு ரீல், கடைசியில் இரை. ஆறு எது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. என் கருத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்த ஆற்றில், எந்தப் பருவத்தில் மீன் பிடிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் இரை பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். இரை முடிவானால் முறை முடிவாகும். கோல், ரீல், தங்கூசி எல்லாம் அவற்றுக்குப் பின்னால் வந்து சேரும்.

## மீனைப் பற்றிச் சில செய்திகள்

பார்பெல் கெண்டைக் குடும்பத்து மீன். நீண்டு திரண்ட உடலும் வெண்கல நிறமும் செம்மஞ்சள் சாயலுள்ள துடுப்புகளும் கொண்டது. வாய் முகத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு மீசைகள் உண்டு. கூழாங்கற்களுக்கு இடையே மீசையால் தடவி, சுவை பார்த்து, புழுக்களையும் நத்தைகளையும் உறிஞ்சி எடுக்கும். உதட்டில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் ஓடுகளை நொறுக்கும். ஆகவே இரை ஆற்றின் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். தரைக்கு ஓர் அடி மேலே மிதந்து போகும் இரையைச் சப் மீன் எடுக்கும். பார்பெல் எடுப்பது அரிது.

இயல்பாக இது தேம்ஸ், டிரென்ட், யார்க்‌ஷையர் ஆறுகள் போன்ற கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகளுக்கு உரிய மீன். மற்ற இடங்களுக்கு மனிதர்களே கொண்டுபோனார்கள். செவர்ன் ஆற்றுக்கு 1956-இல் கெனெட்டிலிருந்து சுமார் 500 மீன்கள் கொண்டுவந்து விடப்பட்டன. இன்று அந்த ஆற்றில் பார்பெல் பெருகியிருப்பது அந்தத் தொடக்கத்தால்தான். சாதாரணமாக 3 முதல் 8 பவுண்டு எடையுள்ள மீன்கள் கிடைக்கும். 10 பவுண்டைத் தாண்டினால் எந்த ஆற்றிலும் அது பெரிய மீன்தான். 2006-இல் கிரேட் ஊஸ் ஆற்றில் 21 பவுண்டு 1 அவுன்ஸ் எடையுள்ள பார்பெல் பிடிபட்டது.

ஊரில் பிடித்த மீனைக் குழம்பு வைத்துப் பழகியவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஆறுகளில் 20 செ.மீ.-க்கு மேற்பட்ட பார்பெல்லை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை. அதன் சினை நச்சுத்தன்மை உடையது. தின்றால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிடித்த மீன் ஆற்றுக்கே திரும்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இனி வரும் எல்லாத் தேர்வுகளையும் எடை போடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல் நீரோட்டமும் தரையும். அகலமான, வேகமான, ஆழமான ஆற்றில் இரையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கவே நான்கு அவுன்ஸ் எடை வேண்டியிருக்கும். குறுகிய ஆற்றில் அதே எடை தொப்பென்று விழுந்து மீனை விரட்டிவிடும். தரை சரளையா, களிமண்ணா, நீர்ப்பூண்டு அடர்ந்ததா, வையி ஆற்றின் சில பகுதிகளைப் போலப் பாறை விளிம்புகள் நிறைந்ததா என்பதைப் பொறுத்துத் தங்கூசியின் ஆயுள் மாறும்.

இரண்டாவது, நீரின் வெப்பமும் நிறமும். 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் பார்பெல் சுறுசுறுப்பாக இரை தேடும். 6 டிகிரிக்குக் கீழே அரிதாகவே வாய் திறக்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மாதம் ஜனவரியாக இருந்தாலும், தென்மேற்குக் காற்றோடு மழை பெய்து நீரின் வெப்பம் இரண்டு டிகிரி ஏறிய நாள், உறைபனிக்குப் பின் வெயில் அடிக்கும் தெளிவான நாளைவிடப் பல மடங்கு மேலானது.

மூன்றாவது, ஆற்றில் இருக்கும் மற்ற வாய்கள். சப், பிரீம், விலாங்கு, சின்னஞ்சிறு மின்னோ, எல்லாவற்றுக்கும் மேலாக அமெரிக்காவிலிருந்து வந்து பரவிவிட்ட சிக்னல் கிரேஃபிஷ் (கொடுக்குள்ள நன்னீர் சிங்கி இறால்). கெனெட்டிலும் தேம்ஸிலும் இரவு நேரத்தில் மென்மையான இரையை இந்தக் கொடுக்குக்காரர்கள் சில நிமிடங்களில் காலி செய்துவிடுவார்கள்.

நான்காவது, உங்களுடைய நேரமும் செலவும். வேலை முடிந்து மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கும், முழுநாளும் கிடைப்பவருக்கும் ஒரே முறை பொருந்தாது. செலவு என்பது கடை ரசீதில் காணும் தொகை மட்டுமல்ல. 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் தேவைப்படும் தூண்டில் உரிமம், கிளப் சந்தா அல்லது நாள் சீட்டு, அறுந்துபோகும் ஃபீடர்கள், வாராவாரம் வாங்கும் புழுக்கள் ஆகிய எல்லாம் அதில் சேரும்.

ஐந்தாவது, மீனின் பாதுகாப்பு. முதல் நான்கிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. பார்பெல் பாதியில் தளர்ந்து கரைக்கு வரும் மீன் அல்ல. உடலில் இருக்கும் வலு முழுவதையும் செலவழித்துவிட்டே வலைக்குள் வரும். போராட்டம் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு அது பிழைப்பது கடினமாகும்.

## இரை

### ஹாலிபட் பெல்லட்டும் பாய்லியும்

கடல்மீன் வளர்ப்புக்காகத் தயாரான, மீன் எண்ணெய் மிகுந்த இந்தத் தீவனக் குச்சிகள் கடந்த கால் நூற்றாண்டில் பார்பெல் தூண்டிலையே மாற்றிவிட்டன. கடினமானவை என்பதால் எறியும்போது கழன்று விழாது. சிறுமீன்கள் எளிதில் சிதைக்காது. ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் மணம் கசிந்துகொண்டே இருக்கும். நீர் தெளிந்து தாழ்ந்திருக்கும்போது 6 அல்லது 8 மி.மீ., கலங்கியிருக்கும்போது 14 மி.மீ. முதல் 21 மி.மீ. வரை. மாவைப் பிசைந்து உருட்டி அவித்த பாய்லி இன்னும் கடினம். கிரேஃபிஷ் நிறைந்த ஆற்றில் 15 மி.மீ. பாய்லியே ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு, அளவுக்கு மீறித் தூவுவதுதான். ஏரிப் பழக்கத்தில் ஒரு கிலோவை முதல் அரைமணி நேரத்திலேயே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெல்லட் வயிறு நிரப்பும் பொருள். பத்து மீன் கூடிய இடத்தில் ஒரு கிலோ செல்லுபடியாகலாம். இரண்டே மீன் இருக்கும் குழியில் அதுவே அன்றைய தூண்டிலை முடித்துவைத்துவிடும். எண்ணெய் குளிரில் இறுகிவிடுவதால் டிசம்பரிலிருந்து பெல்லட்டின் மணம் பரவுவதும் குறைகிறது. அப்போது எண்ணெய் குறைந்த பாய்லியோ, பாய்லி மாவையே பசையாகப் பிசைந்து சுற்றிய இரையோ மேல்.

ஜூலை முதல் அக்டோபர் வரை டிரென்ட், செவர்ன், வையியின் கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

### டின் இறைச்சி

லஞ்சன் மீட் பழைய இரை. ஆனாலும் அதன் காலம் முடிந்துவிடவில்லை. எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும், விலை குறைவு, ஊறவைக்கவோ அவிக்கவோ வேண்டியதில்லை. உப்பும் கொழுப்பும் நீரில் விரைவாகக் கசிவதால் வெள்ளம் வடியும் பழுப்பு நீரில் மீன் இதைத் தேடி வருகிறது. ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் இறைச்சித் துண்டுகளைக் கறித்தூளிலும் மஞ்சள்தூளிலும் புரட்டி எடுப்பது நெடுநாள் வழக்கம். நம் வீட்டுச் சமையலறையில் தயாராக இருக்கும் பொருள்தான். தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

வெட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். கத்தியால் ஒரே அளவில் வெட்டிய சதுரக் கட்டிகள் அதிகம் தூண்டில் விழும் ஆறுகளில் மீனுக்குப் பழகிப்போனவை. கட்டியைக் கையால் பிய்த்தால் ஓரங்கள் கரடுமுரடாகி, துகள்கள் உதிர்ந்து, நீரோட்டத்தோடு மணக்கோடு ஒன்று போகும். முள்ளை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுத்து, அரைச்சுற்றுத் திருப்பி, முனையை மறுபடி இறைச்சிக்குள் பொதிய வேண்டும். பின் முள்ளின் வளைவுக்கும் இறைச்சிக்கும் இடையே ஒரு துண்டுப் புல்லைச் செருகினால் எறியும் வேகத்தில் முள் இறைச்சியை அறுத்துக்கொண்டு போகாது. இரையை ஊசியால் குத்தி, முள்ளில் கோக்காமல் அதன் பின்னால் ஒரு சிறு நூலில் தொங்கவிடும் ஹேர் முறையில் இவ்வளவு வேலை இல்லை. ஆனால் உருட்டும் முறைக்கு முள்ளிலேயே கோத்த இறைச்சிதான் சரி.

குறைகள் வெளிப்படையானவை. சப் மீனுக்கு இது பிடித்த உணவு. கிரேஃபிஷுக்கு இன்னும் பிடிக்கும். தொலைவாக எறிந்தால் கழன்று போகும், போனது தெரியாமல் வெறும் முள்ளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ஆகவே முப்பது அடிக்குள் மீன் இருக்கும் சிறிய ஆறுகளுக்கும், கரையோரமாகவே மீன் ஒதுங்கும் குளிர்கால வெள்ளத்துக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். டிரென்டின் நடு ஓட்டத்துக்கு வேண்டாம்.

### ஹெம்ப் விதை, கேஸ்டர், ஈப்புழு

பார்பெல்லை ஓர் இடத்தில் கட்டிப்போட இதைவிடச் சிறந்த கூட்டு இல்லை என்றே நினைக்கிறேன். அவித்து வெடித்த ஹெம்ப் விதை கருப்பு ஓட்டுக்கு நடுவே வெள்ளை முளை காட்டும். சரளைக் கற்களின் இடுக்குகளில் போய்த் தங்கும். மீன் ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் தேடத் தொடங்கிவிட்டால் மணிக்கணக்கில் அவ்விடத்தை விட்டு நகராது. தெளிந்த நீரில் நீர்ப்பரப்பின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி வழியே பார்த்தால், பக்கவாட்டில் புரளும் உடல்கள் ஒவ்வொரு முறையும் மின்னுவதைக் காணலாம். அந்த விதைப் படுக்கையின் மேல் இரண்டு கேஸ்டரோ ஒரு சிறு துண்டு இறைச்சியோ வைத்தால் போதும்.

இதற்கு நேரமும் பணமும் வேண்டும். விதையை முந்தைய நாளே ஊறவைத்து அவிக்க வேண்டும். மீன் விதையிலேயே மூழ்கிப்போய் முள்ளில் இருக்கும் இரையைக் கண்டுகொள்ளாத வேளைகளும் உண்டு. கேஸ்டர் என்பது கூடு கட்டிய ஈப்புழு. காற்றுப்பட்டு வைத்தால் கறுத்து மிதக்கத் தொடங்கிவிடும், ஆகவே குளிர்ந்த நீருக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஈப்புழு ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. முழுநாள் ஃபீடர் தூண்டிலுக்குப் பல பைன்ட் புழு தேவைப்படுவதால், தொடர்ந்து செய்தால் பெல்லட்டைவிடச் செலவு கூடும். கோடையில் மின்னோவும் டேஸும் புழுவை விட்டுவைக்காது. சிறிய இரைக்கு 12 அல்லது 14 எண் முள் வேண்டும். சிறிய முள் என்றால் மெல்லிய கம்பி என்று பொருள் இல்லை, தடித்த கம்பியில் செய்த சிறிய முள்ளையே தேட வேண்டும்.

பெல்லட்டைக் கண்டாலே ஒதுங்கும் அளவுக்கு மீன் பழகிவிட்ட ஆறுகளில், குறிப்பாக ஹாம்ப்‌ஷையர் ஏவன், டார்செட் ஸ்டவுர் போன்ற தெளிந்த நீரில், இந்தக் கூட்டுக்கு ஈடு இல்லை.

மண்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர் ஏறிக் கலங்கும் முதல் நாளில் பெரிய மண்புழு மிகச் சிறந்த இரை. கோடை இரவில் விலாங்கு வரும், தவிர்க்கலாம்.

## முறை

### ஓடும் ஃபீடர் அல்லது ஈயம்

ஃபீடர் தங்கூசியில் தடையின்றி ஓடும் வளையத்தில் தொங்கும். கீழே ஒரு பாசிமணி, ஒரு சுழலி, அதன்பின் இரண்டு முதல் நான்கு அடி நீள முள்தங்கூசி. மீன் இரையை எடுத்து நகரும்போது எடை உணரப்படாது. எளிமையும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்த முறை இது. புதியவர்கள் இதிலேயே தொடங்க வேண்டும். பெல்லட்டுக்கு இரண்டு அடி போதும். புழுவோடு தெளிந்த நீரில் நான்கு அடிக்கு மேலும் போகலாம்.

அகன்ற ஆற்றில் ஃபீடர் உருண்டுகொண்டே போனால் உடனே எடையைக் கூட்ட வேண்டியதில்லை. எறிந்தபின் இன்னும் சில அடி தங்கூசியை விட்டுக்கொடுத்து, நீரோட்டத்தில் அது வில்லாக வளைய இடம் கொடுங்கள். கோலை உயர்த்தி நட்டு, நீரில் படும் தங்கூசியின் நீளத்தைக் குறையுங்கள். நான்கு அவுன்ஸ் நிற்காத இடத்தில் மூன்று அவுன்ஸ் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

### பாதி பொருத்திய ஈயம்

எடை கழலக்கூடிய வகையில் சுழலியோடு செருகப்பட்டிருக்கும். இரையை எடுத்த மீன் எடையின் இழுப்பில் தானே முள்ளில் சிக்கிக்கொள்ளும். ஹேர் முறையில் தொங்கும் பெல்லட்டோடு இது மிகுந்த பலன் தருகிறது. கோலின் முனை ஒரே இழுப்பில் வளைந்துவிடும் என்பதால் கவனம் சிதறினாலும் மீன் தப்பாது. ஆனால் அந்த இழுப்பு கோலையே ஆற்றுக்குள் கொண்டுபோய்விடும். மீன் இழுத்தால் தங்கூசியைத் தடையின்றி விட்டுக்கொடுக்கும் ஃப்ரீஸ்பூல் ரீல் இல்லாமல் இந்த முறைக்குப் போகக் கூடாது.

பாதுகாப்பில் இங்கே தளர்வே கூடாது. தங்கூசி அறுந்தால் ஈயம் மீனிடமிருந்து தானே கழன்று விழ வேண்டும். கழலாத ஈயத்தோடு ஓடும் மீன் ஏதேனும் ஒரு வேரில் மாட்டிக்கொண்டு அங்கேயே இறக்கும். சில கிளப்புகள் இந்த முறையை முழுவதுமாகத் தடை செய்திருப்பதற்கு அதுவே காரணம். போகுமுன் விதிகளைப் படித்துவிடுங்கள். அன்னங்கள் ஈய நஞ்சால் இறந்ததை அடுத்து, 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகள் 1987 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த அளவுக்குள் டங்ஸ்டன் போன்ற மாற்று உலோகமே அனுமதி.

### உருட்டும் இறைச்சி

நான் மிக விரும்பும் முறை இது என்பதை மறைக்கப் போவதில்லை. ஃபீடர் இல்லை, ஈயக்குண்டு இல்லை. 6 எண் முள், அதன் தண்டில் கொஞ்சம் டங்ஸ்டன் பசை, ஒரு துண்டு இறைச்சி. நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஓட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி எறிந்து, இரை தரையை ஒட்டி உருண்டு வர, கோலை ஓட்டம் போகும் திசையில் திருப்பிக்கொண்டே வர வேண்டும். தங்கூசியை ஆள்காட்டி விரலின் மேல் வைத்துக்கொண்டால் ஆற்றின் தரை முழுவதும் விரலில் தெரியும்: சரளை என்றால் டக் டக் என்ற மெல்லிய தட்டல், மணல் என்றால் வழுக்கல், பூண்டு என்றால் மெதுவாக இறுகும் பாரம். மீன் எடுத்தால் தட்டல் சட்டென்று நின்றுபோகும், அல்லது விரலிலிருந்து தங்கூசி பறிக்கப்படும்.

தெளிந்த நீர், சரளைத் தரை, மார்பளவுக்கு மிகாத ஆழம் இருந்தால் இதற்கு நிகரில்லை. ஒரே மாலையில் அரை மைல் ஆற்றைத் துழாவிவிடலாம். சுமக்க வேண்டியது ஒரு பை, ஒரு வலை. நேரம் குறைந்தவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ள ஒரு பருவமாவது ஆகும். முதல் சில வாரங்கள் கல்லும் பூண்டும்தான் கடிக்கும். டிரென்டின் ஆழத்திலும், வெள்ளம் ஓடும் செவர்னிலும், இருட்டிலும் இது பயன்படாது.

### தக்கை விட்டு ஓடவிடுதல்

நீளமான கோலும் பருத்த தக்கையும் அச்சில் தடையின்றிச் சுழலும் சென்டர்பின் ரீலுமாக, தரையை உரசியபடி இரையை ஓடவிடும் இந்த முறை பார்க்கவும் செய்யவும் இன்பமானது. ஈப்புழுவும் கேஸ்டரும் இதற்கு ஏற்றவை. ஒரு பிடி இரையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இரைச் செலவு மிக அதிகம். சாதாரணப் போட்டிக் கோலும் 3 பவுண்டு தங்கூசியும் வைத்துக்கொண்டு பார்பெல் இருக்கும் ஓட்டத்தில் தக்கை விடுவதை நான் ஏற்பதில்லை. 6 பவுண்டுக்குக் குறையாத தங்கூசியைத் தாங்கும் வலுவான தக்கைக் கோல் வேண்டும். அதை வாங்க மனமில்லை என்றால் இந்த முறையை விட்டுவிடலாம்.

| முறை | ஏற்ற இடம் | ஏற்ற இரை | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| ஓடும் ஃபீடர் | எல்லா ஆறுகளும் | பெல்லட், புழு, கேஸ்டர் | அறுந்துபோகும் ஃபீடர்கள் |
| பாதி பொருத்திய ஈயம் | அகன்ற, வேகமான ஆறு | ஹேர் முறையில் பெல்லட், பாய்லி | ஃப்ரீஸ்பூல் ரீல். சில கிளப்புகளில் தடை |
| உருட்டும் இறைச்சி | ஆழம் குறைந்த சரளை ஆறு | டின் இறைச்சி | கற்கும் காலம் |
| தக்கை | சீரான ஓட்டம், தெளிந்த நீர் | ஈப்புழு, கேஸ்டர் | நிறைய இரை. தனிக் கோலும் ரீலும் |

## கோல், ரீல், தங்கூசி, வலை

கோலின் வலுவை டெஸ்ட் கர்வ் என்ற அளவால், அதாவது கோலின் நுனியைச் செங்கோணத்துக்கு வளைக்கத் தேவையான எடையால் குறிப்பார்கள். உருட்டும் இறைச்சிக்கும் சிறிய ஆறுகளுக்கும் 11 அல்லது 12 அடி நீளம், 1.25 பவுண்டு. நடுத்தர ஆறுகளுக்கு 12 அடி, 1.5 முதல் 1.75 வரை. நிரம்பிய நான்கு அவுன்ஸ் ஃபீடரை எறிய 2 பவுண்டு அல்லது அதற்குச் சற்று மேல். ஏரிக்கென்று வாங்கிய 3 பவுண்டு கெண்டைக் கோல் வீட்டில் இருக்கிறது என்று அதையே எடுத்துப் போகிறவர்களுக்குச் சொல்வேன்: மீன் வரும், ஆனால் கரையருகே அது கடைசியாகத் திமிறும்போது அந்த விறைத்த கோல் வளைந்து கொடுக்காமல் முள்ளைப் பிடுங்கிவிடும்.

தங்கூசியில் சிக்கனம் வேண்டாம். தக்கை முறையைத் தவிர, மென்மையான ஓட்டத்திலும் 8 பவுண்டுக்குக் கீழே போவதில்லை. மரவேர்களும் பூண்டும் இருந்தால் 10. டிரென்டிலும் வெள்ளத்திலும் 12. முள்தங்கூசி முதன்மைத் தங்கூசியைவிட ஒரு படி மெல்லியதாக இருக்க வேண்டும், அறுந்தால் முள் மட்டும் போகட்டும். பின்னல் தங்கூசி மெலிதாக இருந்துகொண்டே அதிக வலுவைக் காட்டும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாறை விளிம்பில் ஒரே உரசலில் அறுந்துவிடும், நீட்சி இல்லாததால் முள் கழலும், பல நீர்நிலைகளில் அதற்குத் தடையும் உண்டு. முதன்மைத் தங்கூசியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெளிந்த நீரில் முள்தங்கூசிக்கு ஃப்ளூரோகார்பன் நல்லது. முடிச்சு இறுக்குமுன் எச்சிலால் நனைக்க மறந்தால் மட்டும் ஏமாற்றிவிடும்.

புதியவர்கள் கடைசியாக நினைப்பது வலையை. முதலில் வாங்க வேண்டியதே அதுதான். பார்பெல்லின் முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பம்போலப் பல் கொண்டது. சிறு கண்ணுள்ள வலையில் அது மாட்டிக்கொண்டு துடுப்பு கிழியும். மீனைச் சேர்த்துவைக்கும் நீள் வலைகளைப் பார்பெல்லுக்குப் பல கிளப்புகள் தடை செய்திருப்பதும் இதனால்தான். அகன்ற வாயும் மென்மையான ரப்பர் பூச்சும் கொண்ட வலை, செங்குத்தான செவர்ன் கரைகளுக்கு எட்டும் நீண்ட கைப்பிடி, ஈரமாக்கிய விரிப்பு, முள் எடுக்கும் இடுக்கி ஆகிய நான்கும் இல்லாமல் ஆற்றுக்குப் போகக் கூடாது.

மீனைத் திரும்ப விடும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முள்ளை எடுத்து முடித்தவுடன் மீனை வலையிலேயே வைத்து, முகம் ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி நீருக்குள் நிறுத்துங்கள். செவுள் மூடிகள் முதலில் வேகமாகவும் ஒழுங்கின்றியும் அடிக்கும், பிறகு சீராகும். உடல் தானே நிமிர்ந்து, வால் உங்கள் கையைத் தள்ளும் வரை விடக் கூடாது. பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். அவசரப்பட்டு விட்ட மீன் சில அடி நீந்திப்போய், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வயிறு மேலாகப் புரண்டு இறக்கும். நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி, ஆறும் வற்றியிருக்கும் கோடை நாட்களில் நீரில் உயிர்வளி குறைந்துவிடுகிறது. அப்போது பார்பெல்லை விட்டுவிட்டு வேறு மீனைத் தேடுங்கள்.

## எந்த ஆற்றுக்கு எது?

டிரென்ட். நாட்டிங்ஹாமிலிருந்து நியூவர்க் வரையிலும், குரோம்வெல் அணைக்குக் கீழே கடல் ஏற்றஇறக்கம் உள்ள பகுதியிலும் பெரிய மீன்கள் உண்டு. 2 பவுண்டு கோல், 12 பவுண்டு தங்கூசி, மூன்று நான்கு அவுன்ஸ் ஃபீடர், பெல்லட் அல்லது பாய்லி. வேறு யோசனை வேண்டாம். முன்பு கரையோர அனல்மின் நிலையங்களின் வெந்நீர் குளிர்காலத்திலும் மீனைச் சுறுசுறுப்பாக வைத்திருந்தது. ராட்கிளிஃப் நிலையமும் 2024-இல் மூடப்பட்டபின் பழைய குளிர்காலக் கதைகளை நம்பி இடம் தேட முடியாது.

செவர்ன், வையி. பிரிட்ஜ்நார்த், பியூட்லி, ஹெரிஃபோர்டு, ராஸ் பகுதிகளில் 1.75 பவுண்டு கோல் போதும். கோடையில் சிறு பெல்லட்டோடு ஓடும் ஃபீடர். ஆட்கள் அதிகம் வரும் இடங்களில் ஹெம்ப் விதையும் கேஸ்டரும். வெள்ளம் வடியும் நாட்களில் கரையோர மந்த ஓட்டத்தில் பெரிய இறைச்சித் துண்டு. வழுக்கும் களிமண் கரையில் தனியாக இரவு தங்காதீர்கள். நீர் ஏறியிருக்கும்போது மிதவை அங்கி அணியுங்கள்.

ஹாம்ப்‌ஷையர் ஏவன், டார்செட் ஸ்டவுர். மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கக்கூடிய ஆறுகள். விதைப் படுக்கையும் உருட்டும் இறைச்சியும் இங்கேதான் சிறக்கும். முதல் இரண்டு மணி நேரம் முள்ளை நீரில் போடாமல், விதையை மட்டும் இட்டு மீன் துணிவு கொள்ளும் வரை காத்திருப்பவர்களே இங்கே வெல்கிறார்கள்.

கெனெட், லீ. லண்டனைச் சுற்றியுள்ள நம்மவர்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பவை இவையே. கிரேஃபிஷ் மிகுந்த கெனெட்டில் பகலில் உருட்டும் இறைச்சி, அந்தி மயங்கியபின் கடினமான பாய்லி. இரை நகர்ந்துகொண்டே இருந்தால் கொடுக்குக்கு அவகாசம் இல்லை. இருட்டில் நகர்த்த முடியாது, ஆகவே கடினமான இரை. மீன் எண்ணிக்கை டிரென்டைவிடக் குறைவு என்பதால் இரையைக் கைப்பிடிக்கு மேல் தூவாதீர்கள்.

## ஒரே கோல்தான் வாங்க முடியும் என்பவருக்கு

12 அடி நீளம், 1.75 பவுண்டு டெஸ்ட் கர்வ், 4000 அளவு ஃப்ரீஸ்பூல் ரீல், 10 பவுண்டு சாதாரணத் தங்கூசி, 6, 8, 12 எண்களில் தடித்த கம்பி முட்கள், இரண்டு அவுன்ஸ் ஃபீடர் சில. டிரென்டின் பெருவெள்ளத்தைத் தவிர மேலே சொன்ன எல்லா ஆறுகளிலும் இது வேலை செய்யும். இறைச்சி உருட்டச் சற்று விறைப்பு, ஆனாலும் முடியும். இரண்டு முனைகளோடு வரும் கோலாகப் பார்த்து வாங்கினால் அந்த விறைப்பும் பாதி தீரும். கோலில் மிச்சம் பிடித்த பணத்தை வலைக்கும் விரிப்புக்கும், அடுத்ததாக நல்ல கிளப் ஒன்றின் சந்தாவுக்கும் கொடுங்கள். பருவம் திறக்கும் முதல் வாரத்தில் ஆழமற்ற சரளை மேட்டில் மீன்கள் கூட்டமாகப் புரண்டுகொண்டிருந்தால் அவை இன்னும் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அன்று அங்கே தூண்டில் போடாமல் வேறு பகுதிக்குப் போய்விடுங்கள்.